ஏரி மீன் வளர்ப்புக்குப் படகு வாங்கப் போகிறீர்களா? மோட்டார் விலை கேட்கும் முன் இதைப் படியுங்கள்

பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம், முந்திரி என்றே பேசப்படும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஏரி மீன் வளர்ப்பும் பல குடும்பங்களுக்குக் கை கொடுக்கிறது. மீன்பாசி குத்தகை எடுத்தவர்கள் வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விடுகிறார்கள். அதற்கு அடுத்த வாரமே எழும் கேள்வி, "தீவனம் போட, வலை இழுக்க என்ன படகு வாங்கலாம்? மோட்டார் வேண்டுமா?" என்பதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஊரில் ஐந்து பேர் சேர்ந்து ஏரி குத்தகை எடுத்தார்கள். கடலோரத்தில் இருந்து பழைய பைபர் படகும் 15 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டாரும் வாங்கி வந்தார்கள். குஞ்சுக்கும் தீவனத்துக்கும் வைத்திருந்த பணத்தில் பாதி அதற்கே போனது. மாசி பிறந்ததும் ஏரி வற்றத் தொடங்கியது. மோட்டாரின் கீழ்ப்பகுதி சேற்றில் இடித்து நின்றுவிட்டது. நான் போனபோது படகு வேப்பமரத்தடியில் கிடந்தது. அவர்கள் லாரி டியூப் மேல் பலகை கட்டி தீவனம் போட்டுக் கொண்டிருந்தார்கள். உயிர்காப்பு உடை ஒருவரிடமும் இல்லை.

பணம் போனது ஒரு பக்கம். அதனால் உயிருக்கு ஆபத்தான மிதவையில் ஏற நேர்ந்தது அதைவிடப் பெரிய நஷ்டம். ஆகவே இந்தக் கட்டுரையின் சாரம் இதுதான்: முதலில் கவிழாத மிதவை, அடுத்து உயிர்காப்பு உடை, மிச்சப் பணம் இருந்தால் மட்டும் மோட்டார்.

தினசரி வேலையை முதலில் கணக்கிடுங்கள்

அறுவடை நாளை மனதில் வைத்துத்தான் பலரும் பெரிய படகு வாங்குகிறார்கள். அறுவடை ஆண்டுக்குச் சில நாள்தான். அன்றைக்கு வாடகைக்குப் படகு எடுக்கலாம், வலைக்காரர்களே பரிசலோடு வருவார்கள். தீவனம் போடுவது தினமும் நடக்கும் வேலை.

ஏரியில் ஒரு டன் மீன் இருந்தால், உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம் என்ற கணக்கில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிலோ தீவனம் போதும். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கலந்து, துளையிட்ட பையில் போட்டு, கழியில் கட்டித் தொங்கவிட இரண்டு பேர் போதும். இரண்டு ஆளும் ஒரு மூட்டையும் சேர்ந்து 200 கிலோவைத் தாண்டாது.

தூரத்தையும் பாருங்கள். 25 ஏக்கர் ஏரி வட்டமாக இருந்தால் அதன் குறுக்களவு ஏறக்குறைய 350 மீட்டர். கழி ஊன்றி மணிக்கு 2.5 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் 8 அல்லது 9 நிமிடத்தில் அக்கரை சேரலாம். மோட்டார் வைத்து மணிக்கு 6 கிலோமீட்டரில் போனால் மூன்றரை நிமிடம். மிச்சமாவது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று நீங்களே முடிவு செய்து கொள்ளுங்கள்.

என்ன மிதவை வாங்கலாம்?

பரிசல்: பைபர் பரிசல் எடை குறைவு. ஒருவரே தலையில் தூக்கிச் செல்லலாம். ஆழம் குறைந்த தண்ணீரிலும் மிதக்கும். ஆனால் பழக்கம் இல்லாதவர் துடுப்புப் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். ஓரத்தில் சாய்ந்து வலை இழுத்தால் கவிழும். மோட்டார் பொருத்த ஏற்றதல்ல. சிறிய ஏரிக்கும், பரிசல் ஓட்டிப் பழகியவருக்கும் இதுவே மலிவான தேர்வு.

தட்டை அடிப் பைபர் படகு: நீண்ட காலம் உழைக்கும். பெரிய ஏரிக்கும் ஆற்றுக்கும் பொருந்தும். வாங்கும்போது இரு முனைகளிலும் மூடிய காற்றறையோ நுரை நிரப்பிய அறையோ இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் புகுந்தாலும் படகு மூழ்காமல் இருக்க அதுவே துணை. பழைய படகு என்றால், மோட்டார் மாட்டும் பின்பலகையைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று மந்தமாக ஒலித்தால் உள்ளே இருக்கும் மரம் ஊறி மக்கியிருக்கலாம். வெளியே பூசிய பெயின்ட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

டிரம் மிதவை: வெளிநாடுகளில் ஏரிகளில் ஓடும் பான்டூன் படகும் இதே தத்துவம்தான். இரண்டு பக்கமும் காற்று அடைத்த நீள உருளைகள், நடுவே தட்டையான மேடை. அகலம் அதிகம் என்பதால் எளிதில் கவிழாது. நம் ஊர் வெல்டிங் பட்டறையிலேயே இதைச் செய்துவிடலாம் என்பதால், குறைந்த பணம் உள்ளவர்களுக்கு இதையே முதலில் பரிந்துரைக்கிறேன்.

தெர்மாகோல் தெப்பம், லாரி டியூப், வாழைமரத் தெப்பம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். தெர்மாகோல் நடுவில் உடையும். டியூபில் ஒரு கருவேல முள் குத்தினால் ஏரி நடுவில் நிற்க வேண்டியதுதான்.

டிரம் மிதவை செய்யும் முறை

200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஆறு தேவை. மேல்மூடி முழுவதும் திறக்கும் டிரம் வேண்டாம். சிறு வாயும் திருகு மூடியும் உள்ள டிரம்மே நல்லது. மூடியில் ரப்பர் வாஷர் போட்டு இறுக்குங்கள். சோப்புத் தண்ணீர் தடவி அழுத்திப் பார்த்தால் கசிவு தெரியும்.

பூச்சிமருந்து, அமிலம் இருந்த டிரம்மை எவ்வளவு கழுவினாலும் ஏரியில் இறக்கக் கூடாது. உள்ளே ஒட்டியிருக்கும் சிறு அளவு மருந்தே மீனைக் கொல்லும்.

ஒரு டிரம் முழுவதும் மூழ்கினால் சுமார் 200 கிலோவைத் தாங்கும். ஆறு டிரம்முக்கு 1,200 கிலோ. ஆனால் பாதி டிரம் எப்போதும் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். ஆகவே நமக்குக் கணக்கு 600 கிலோதான். அதில் இரும்புக் குழாய்ச் சட்டம், பலகை, டிரம்களின் சொந்த எடை எல்லாம் சேர்த்து 170 கிலோ கழித்தால் 430 கிலோ மிச்சம். மூன்று ஆளும் நான்கு மூட்டைத் தீவனமும் தாராளமாக ஏறலாம்.

மூன்று மூன்று டிரம்மாக இரண்டு வரிசை வையுங்கள். வரிசைகளை ஒட்டி வைக்காமல் நடுவில் இடைவெளி விட்டு, மொத்த அகலம் 6 அடிக்குக் குறையாமல் பார்த்துக் கொள்ளுங்கள். அகலமே உறுதி. டிரம்களை நைலான் பெல்ட்டால் சட்டத்தோடு தனித்தனியே கட்டுங்கள். ஒன்று ஓட்டையானாலும் மற்ற ஐந்தும் தாங்கும்.

முதல் நாளே ஏரி நடுவுக்குப் போக வேண்டாம். கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் 400 கிலோ அளவுக்கு மணல் மூட்டை ஏற்றி ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். பிறகு மூட்டைகளை இறக்கிவிட்டு, இரண்டு பேர் ஒரே ஓரத்தில் நின்று பாருங்கள். அந்தப் பக்க டிரம் முழுவதும் மூழ்கினால் அகலத்தைக் கூட்ட வேண்டும்.

மோட்டார் யாருக்குத் தேவை?

நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஏரி, நீர்த்தேக்கம், நீரோட்டம் உள்ள ஆறு ஆகிய மூன்று இடங்களில் மோட்டார் பயன்படும். திருமானூர், தா.பழூர் பகுதிகளில் கொள்ளிடக் கரை ஊர்களில் நீரோட்டத்தை எதிர்த்துக் கழி ஊன்றுவது கடினம். ஆனால் கொள்ளிடத்தில் உபரிநீர் திறந்துவிட்ட எச்சரிக்கை வந்தபின் எந்த மோட்டாரையும் நம்பி இறங்கக் கூடாது.

மோட்டார் வாங்குவது என்று முடிவானால் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவும்.

திறன்: 15 அடி நீளமுள்ள சாதாரண படகு மணிக்கு சுமார் 9 முதல் 10 கிலோமீட்டர் வரை எளிதாகப் போகும். அதற்கு மேல் குதிரைத்திறனைக் கூட்டினால் எரிபொருள்தான் கூடும், வேகம் அந்த அளவுக்குக் கூடாது. டிரம் மிதவைக்கும் சிறு படகுக்கும் 2.5 முதல் 5 குதிரைத்திறன் போதும்.

தண்டின் நீளம்: அவுட்போர்டு மோட்டாரில் 15 அங்குலத் தண்டு, 20 அங்குலத் தண்டு என இரண்டு வகை பரவலாக உண்டு. படகின் பின்பலகை உயரத்தை அளந்து அதற்கேற்ப வாங்க வேண்டும். ஆழம் குறைந்த நம் ஏரிகளில் நீளத் தண்டு சேற்றைக் கிளறும்.

டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக்: டூ ஸ்ட்ரோக் மோட்டார் எடை குறைவு, பழுதுபார்ப்பது எளிது. பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும். 50-க்கு 1 என்று கையேட்டில் இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. ஃபோர் ஸ்ட்ரோக்கில் கலக்கத் தேவையில்லை, எரிபொருளும் குறைவு, தண்ணீரில் எண்ணெய்ப் படலமும் குறைவு. மீன் வளர்க்கும் ஏரிக்கு ஃபோர் ஸ்ட்ரோக் நல்லது.

எரிபொருள் செலவு: 5 குதிரைத்திறன் மோட்டார் முழு வேகத்தில் மணிக்கு சுமார் 2 லிட்டர் குடிக்கும். மெதுவாக ஓட்டி நாளுக்கு ஒரு லிட்டர் என்று வைத்தாலும் 150 நாளுக்கு 150 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 15,000 ரூபாய். மீன் விற்பனையில் இந்தத் தொகை தனியாகக் கிடைக்குமா என்று பாருங்கள்.

பேட்டரி மோட்டார்: 12 வோல்ட் மின் மோட்டார் சத்தமில்லாமல் ஓடும், பெட்ரோல் வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டர் வகை 150 ஆம்பியர் பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினால், 30 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். பேட்டரி 50 கிலோவுக்கு மேல் எடை இருக்கும், அதைச் சுமைக் கணக்கில் சேர்க்க வேண்டும். எதிர்க்காற்றிலும் ஆற்று நீரோட்டத்திலும் இதை நம்ப முடியாது.

ஆகாயத்தாமரை படர்ந்த ஏரியில் எந்த மோட்டார் விசிறியும் நின்று நின்று போகும். அங்கே கழியே சிறந்தது. சிக்கிய கொடியை எடுக்கும் முன் மோட்டாரை முழுவதும் நிறுத்துங்கள். ஓட்டுபவர் மணிக்கட்டில் மாட்டும் நிறுத்தக் கயிறு உள்ள மோட்டாரையே வாங்குங்கள். ஆள் தவறி விழுந்தால் மோட்டார் தானாக நின்றுவிடும்.

பராமரிப்பு

தண்ணீரால் குளிரும் மோட்டாரைக் கரையில் வைத்து "ஓடுகிறதா பார்க்கலாம்" என்று ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் விசிறி கருகிவிடும். ஓடும்போது பின்புறம் மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அது நின்றால் உடனே மோட்டாரை நிறுத்திச் சேறு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஏரி வற்றியதும் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, நிழலில் நிமிர்த்தி வையுங்கள். படகைக் கவிழ்த்து நிழலில் வைத்தால் வெயிலில் வெடிக்காது.

உயிர்காப்பு உடை செலவல்ல

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளாவின் தானூரில் மீன்பிடிப் படகை மாற்றியமைத்துச் சுற்றுலாவுக்கு ஓட்டியபோது 22 பேர் இறந்தார்கள். இரண்டிலும் பாடம் ஒன்றுதான். படகு தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றக் கூடாது.

நம் ஏரிகளிலும் மண் அள்ளிய பள்ளங்கள் உண்டு. இடுப்பளவு தண்ணீர் அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழமாகும். வலை காலில் சுற்றினால் நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கடினம். ஏறும் ஒவ்வொருவருக்கும் எடைக்கேற்ற உயிர்காப்பு உடை, 20 மீட்டர் கயிறு கட்டிய ஒரு காலி கேன், கரையில் ஒரு ஆள். இந்த மூன்றும் இல்லாமல் இறங்க வேண்டாம்.

அனுமதி, மானியம்

குத்தகைப் பத்திரத்தில் படகு, மோட்டார் பற்றிய நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021, இயந்திரத்தால் ஓடும் கலங்களுக்குப் பதிவை வலியுறுத்துகிறது. மோட்டார் வாங்கும் முன் மீன்வளத் துறை அலுவலகத்தில் விவரம் கேட்டுக் கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டி ஏரி பறவைகள் சரணாலயம் என்பதால், வனத்துறை அனுமதியின்றி அங்கே படகு இறக்கக் கூடாது.

2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், தகுதியான இனங்களுக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் வகுக்கப்பட்டது. வாங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் கிடைக்காது. நடப்பு ஆண்டில் படகுக்கு ஒதுக்கீடு உண்டா என்று முன்பே விசாரியுங்கள். இதே திட்டத்தில் உள்ள குழு விபத்துக் காப்பீட்டில் மரணத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. மீன் வளர்ப்போரும் சேரலாம். கிசான் கடன் அட்டையும் மீன் வளர்ப்புக்கு வழங்கப்படுகிறது.

குறைந்த பணம் உள்ளவர்கள் முதல் ஆண்டு டிரம் மிதவை, கழி, உயிர்காப்பு உடையோடு தொடங்குங்கள். ஒரு அறுவடை முடிந்ததும் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, எத்தனை முறை மோட்டார் இல்லாமல் தவித்தோம் என்று குறித்து வையுங்கள். மோட்டார் தேவையா என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.

கூடுதல் விவரங்களுக்குப் பெரம்பலூர் மாவட்ட விவசாயிகள் வாலிகண்டபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தையும், அரியலூர் மாவட்ட விவசாயிகள் சோழமாதேவி வேளாண் அறிவியல் நிலையத்தையும், அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தையும் அணுகலாம்.