திரையிலே தெரியும் சீனம்

சீனம் என்றவுடன் நம் கிழக்குக் கரையோர மக்களின் சிந்தையில் எழுவன, 1952ஆம் ஆண்டின் இறப்பர்–அரிசி ஒப்பந்தமும், கொழும்பின் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபமும், சீனக் கடனிலே எழுந்த தாமரைக் கோபுரமும், கல்முனைக் கடைத்தெருவில் மலிவாய்க் குவிந்து கிடக்கும் பண்டங்களுமேயன்றி, அந்த அரிசியை விளைத்த குடியானவனோ, அப்பண்டங்களை ஆலையிலே நின்று செய்த பெண்ணோ அல்லர். ஒரு தேசத்தின் பொருள்களை எழுபது ஆண்டுகளாக வாங்கி வந்தும் அதன் மனிதரை அறியாதிருப்பது பெருங்குறை. அதனைத் தீர்க்கத்தக்க சாதனம் அந்நாட்டின் சிறந்த திரைப்படங்களே என்பது என் அபிப்பிராயம். நம் இளைஞர் விரும்பிப் பார்க்கும் சண்டைப் படங்களை நான் குறிக்கவில்லை.

2006இல் வெனிஸ் விழாவிலே தங்கச் சிங்க விருது பெற்ற, ஜியா ஜாங்கேயின் ‘ஸ்டில் லைஃப்’ என்னும் படத்தைச் சற்று நின்று பார்ப்போம். யாங்சி நதியின் முப்பள்ளத்தாக்கு அணைக்காகப் பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்க்கப்பட்ட அக்காலத்தில், ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய ஃபெங்ஜியே நகரம் சம்மட்டியால் இடிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோதே, அவ்விடிபாடுகளின் நடுவே எடுக்கப்பட்டது அது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் பிரிந்த மனைவியையும் மகளையும் தேடி வடக்கிலிருந்து வரும் சுரங்கத் தொழிலாளியொருவன், பத்திரமாய் வைத்திருந்த முகவரியைக் காட்டி வழி கேட்க, அந்தத் தெருவே தண்ணீருக்கடியிற் போய்விட்டதைக் காண்கிறான். பின்னொரு காட்சியில் அவன் பத்து யுவான் தாளைக் கையிலே பிடித்து, அதில் அச்சிடப்பட்டிருக்கும் மலையிடுக்கையும் கண்ணெதிரே நிற்கும் அதே மலையிடுக்கையும் மாறி மாறிப் பார்க்கிறான். நாணயத்தாளில் இடம்பெறும் பெருமையுடைய அந்நிலத்திலே, அங்கு வாழ்ந்தவனுக்கு இடமில்லை.

நீர் எவ்வளவு உயரும் என்பதை அந்நகரத்துச் சுவர்களிலே மீற்றர்க் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் காணும் நம்மவர் எவருக்கும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கடலிலிருந்து 65 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று கோடு கிழிக்கப்பட்டதும், அதன் பெயராலேயே மருதமுனையில் ஒரு வீட்டுத்திட்டம் இன்றளவும் வழங்கிவருவதும் நினைவுக்கு வராமற் போகா. ஒருவனுடைய வாழ்வை ஓர் எண் தீர்மானிக்கும் துயரத்தைப் புரிந்துகொள்ள நமக்கு வியாக்கியானம் தேவையில்லை.

2018இல் வெளிவந்த ‘டையிங் டு சர்வைவ்’ வேறு வகையானது. இரத்தப் புற்றுநோய்க்கான மேனாட்டு மருந்தை வாங்க வழியற்றோருக்கு, இந்தியாவிலிருந்து அதே மருந்தைக் குறைந்த விலையிற் களவாய்க் கொணர்ந்து விற்கும் ஒரு சிறு கடைக்காரனின் கதை. மெய்யாகவே நிகழ்ந்த ஒரு வழக்கைத் தழுவியது. விசாரணைக்கு வந்த காவல் அதிகாரியின் கையைப் பற்றிக்கொண்டு, மருந்துக்காகவே வீடு போயிற்று, குடும்பம் சிதைந்தது, ஆயினும் சாக மனமில்லை என்று ஒரு மூதாட்டி இறைஞ்சும் காட்சி நெஞ்சை அறுப்பது. நோயாளியை அழைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் மஹரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய் வந்த குடும்பத்தார் அதனை எளிதில் மறவார். அப்படம் எழுப்பிய கிளர்ச்சியைச் சுட்டி, புற்றுநோய் மருந்துகளின் விலைக்குறைப்பைத் துரிதப்படுத்துமாறு பிரதமர் லீ கச்சியாங் பணித்தார்.

அந்நாட்டுத் தணிக்கை கடுமையானது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஜாங் இமோவின் ‘டு லிவ்’ 1994இல் கான் விழாவிலே அதன் நாயகன் கே யோவுக்குச் சிறந்த நடிகர் விருதை ஈட்டித்தந்தும், சொந்த நாட்டுத் திரையரங்குகளிலே அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே, அனுமதி பெற்ற படத்தையும் பெறாத படத்தையும் சேர்த்துப் பார்ப்பவனுக்கே உண்மை பிடிபடும்.

இவை தமிழில் நமக்குக் கிடைக்க வேண்டும். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்து மாணவரும் நம் பொது நூலகங்களும் ஒன்றுகூடி, தமிழ் வசனங்களை அடியிலே இட்டு, ஆண்டுக்கு இரண்டொரு படங்களையேனும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் ஊர்மக்களுக்குத் திரையிட முன்வருவார்களாக.