கை குலுக்காமல் சென்ற நட்சத்திரம்

மழை பெய்து களத்தில் தண்ணீர் தேங்கியிருந்த ஒரு மாலை. பயிற்சிக்கு வழியில்லை. எங்கள் கூடைப்பந்து அணி மாணவர்களை உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் உட்காரவைத்து இரண்டு காணொலிகளைக் காட்டினேன். இரண்டிலும் இருந்தவர் ஒருவரே: அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிய ஐசையா தாமஸ்.

முதல் காணொலி, 1988 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். எதிரணி லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ். மூன்றாவது கால்பகுதியில் தாமஸின் கணுக்கால் பிசகிவிடுகிறது. சற்று நேரத்தில் நொண்டிக்கொண்டே களத்துக்குத் திரும்புகிறார். அந்த ஒரு கால்பகுதியில் மட்டும் அவர் எடுத்த புள்ளிகள் 25. ஆட்டத்தில் பிஸ்டன்ஸ் ஒரு புள்ளியில் தோற்றது. ஆனாலும் மாணவர்கள் கைதட்டினார்கள்.

இரண்டாவது காணொலி, 1991 மே 27. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் சாம்பியனாக இருந்த பிஸ்டன்ஸ், மைக்கேல் ஜோர்டானின் சிகாகோ புல்ஸ் அணியிடம் அரையிறுதித் தொடரின் நான்கு ஆட்டங்களிலும் தோற்கிறது. கடைசி ஆட்டம் முடிய இன்னும் எட்டு வினாடி அளவே இருக்கிறது. தாமஸும் சக வீரர்கள் பலரும் இருக்கையை விட்டு எழுந்து, புல்ஸ் அணியினர் இருக்கும் பக்கமாகவே நடந்து, யாருக்கும் கை கொடுக்காமல் வெளியேறிவிடுகிறார்கள். இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: “சார், இவ்வளவு நல்லா ஆடுறவரு ஏன் சார் இப்படிப் பண்றாரு? எனக்கு இவரைப் பிடிக்கல. அப்படிச் சொன்னா தப்பா?”

தப்பில்லை என்றேன். ஆனால் எது பிடிக்கவில்லை என்பதைச் சரியாகச் சொல்லத் தெரியவேண்டும் என்றும் சொன்னேன்.

விதி பார்ப்பதும் பார்க்காததும்

கூடைப்பந்தில் முரட்டுத்தனத்துக்கும் அவமதிப்புக்கும் தண்டனை உண்டு. நடுவரை எதிர்த்துப் பேசுவது, எதிரணியினரைக் கேலி செய்வது போன்றவற்றுக்கு டெக்னிக்கல் ஃபவுல். பந்தைப் பறிக்கும் முயற்சியே இல்லாமல் ஆளைத் தள்ளினால் அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுல். எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். இப்படிப்பட்ட ஃபவுல்கள் இரண்டு சேர்ந்தால் அந்த வீரர் ஆட்டத்திலிருந்தே வெளியேறவேண்டும்.

ஆனால் 1991இல் தாமஸ் செய்ததற்கு எந்த நடுவரும் விசில் ஊதவில்லை. தோற்றவர் வென்றவருக்குக் கை கொடுப்பது காலங்காலமாக வந்த மரபு. மரபை மீறினால் புள்ளி குறையாது, பார்ப்பவர் மனத்தில்தான் ஏதோ குறைகிறது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும், 1988, 1989, 1990, இதே புல்ஸ் அணி பிஸ்டன்ஸிடம் தோற்று வெளியேறியிருந்தது. அப்போது ஜோர்டான் கை குலுக்கிவிட்டுத்தான் சென்றார். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அந்த எட்டு வினாடிகள் ஏன் இன்றுவரை பேசப்படுகின்றன என்பது புரியும்.

மறுபக்கத்தையும் மாணவர்களிடம் சொன்னேன். 1988இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி தங்களிடம் தோற்றபோது அதன் வீரர்களும் ஆட்டம் முடியுமுன்பே கிளம்பிவிட்டார்கள் என்பது தாமஸ் தரப்பின் விளக்கம். அது உண்மைதான். ஆனால் அன்றும் செல்டிக்ஸின் கெவின் மெக்ஹேல் நின்று தாமஸுக்கு வாழ்த்துச் சொன்னார். பிற்காலத்தில் தாமஸும் அன்று நடந்ததற்கு வருத்தம் தெரிவித்திருக்கிறார்.

அதே அணியில் இன்னொருவர்

பிஸ்டன்ஸ் அணியில் தாமஸுடன் இணைந்து கார்டு நிலையில் ஆடியவர் ஜோ டூமார்ஸ். 1989 இறுதித் தொடரின் சிறந்த வீரர் டூமார்ஸ், 1990இல் அதே விருது தாமஸுக்கு. திறமையில் இருவருமே உச்சத்தில் இருந்தவர்கள். ஒரே பயிற்சியாளர், ஒரே உடைமாற்றும் அறை, அன்று ஒரே தோல்வி. டூமார்ஸ் மட்டும் புல்ஸ் வீரர்களுக்குக் கை கொடுத்துவிட்டுச் சென்ற மிகச் சிலரில் ஒருவர். பின்னர் 1995-96 பருவத்தில் என்.பி.ஏ. விளையாட்டுப் பண்புக்கென ஒரு விருதைத் தொடங்கியது. முதல் விருது டூமார்ஸுக்கு. இன்று அந்தக் கோப்பைக்கே அவர் பெயர்தான்.

தோற்றால் கோபம் வரும், திறமைசாலிக்கு இன்னும் அதிகம் வரும் என்று நாம் சமாதானம் சொல்வதுண்டு. டூமார்ஸுக்கும் கோபம் வந்திருக்கும். அதற்காகக் கை கொடுக்காமல் போய்விடவில்லை.

நான் செய்த தவறு

இதை மாணவர்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கு எப்போதும் இருந்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன் குறுவட்டப் போட்டியில் என் அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரன், தோற்ற அணியின் சிறுவன் ஒருவன் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டிக் கேலி செய்தான். நான் பார்த்தேன். அடுத்த ஆட்டம் ஒரு மணி நேரத்தில். அவன் இல்லாமல் வெல்ல முடியாது. பார்க்காததுபோல் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

கோப்பை கிடைத்தது. மறுவாரம் ஆறாம் வகுப்பின் விளையாட்டுப் பாடவேளையில், கபடியில் தோற்ற பையன் முன்னால் இன்னொருவன் அதே மாதிரிக் கையை ஆட்டினான். அண்ணனிடம் கற்றுக்கொண்டது. அண்ணனுக்கு அதை அனுமதித்தது நான்.

அதன்பின் மூன்று வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டேன்.

ஒன்று, பயிற்சி ஆட்டம் முடிந்ததும் இரு அணியும் வரிசையில் நின்று கை குலுக்கவேண்டும். ஸ்கோர் எழுதும் மாணவருக்கும் சேர்த்து. லே-அப் போடப் பழக்குவதுபோல இதையும் தினமும் பழக்கினால்தான் தோல்வி நாளில் கை தானாக நீளும்.

இரண்டு, திறமையான மாணவர் தவறு செய்தால் தனியே அழைத்து, செய்த செயலை மட்டும் சொல்வது. “நீ திமிர் பிடித்தவன்” என்பது பட்டப்பெயர். “அவன் அழும்போது நீ சிரித்தாய்” என்பது நடந்தது. நடந்ததை மாற்றிக்கொள்ள முடியும்.

மூன்று, ஸ்கோர் என்னவாக இருந்தாலும், கேலி செய்தவர் அடுத்த சில நிமிடங்கள் வெளியே உட்காரவேண்டும். இதனால் ஓர் ஆட்டத்தைத் தோற்றிருக்கிறோம். பெற்றோர் ஒருவர் வந்து கோபித்துக்கொண்டும் போனார்.

வகுப்பறையிலும் இதுதான்

இது உடற்கல்வி ஆசிரியரின் வேலை மட்டும் அன்று. முதல் மதிப்பெண் எடுக்கும் குழந்தை, எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிறது. கணக்கை முதலில் முடித்தவர், இன்னும் போட்டுக்கொண்டிருப்பவரின் நோட்டை எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். நன்றாகப் படிக்கும் பிள்ளைதானே என்று நாம் கடந்துபோனால், திறமை இருந்தால் இதெல்லாம் செய்யலாம் என்று முழு வகுப்பும் எழுதிக்கொள்கிறது.

அதேபோல், பண்பு குறைந்தது என்பதற்காகத் திறமையை மறுக்கவும் கூடாது. அன்று அந்த மாணவனிடம் நான் சொன்னதும் இதுதான்: தாமஸின் 25 புள்ளிகளுக்கு நீ கைதட்டியது சரி. அவர் கை கொடுக்காமல் போனது பிடிக்கவில்லை என்பதும் சரி. ஒன்று மற்றொன்றை அழிக்காது.

“அப்போ டூமார்ஸ் ஆடுறதைக் காட்டுங்க சார்” என்றான். மணி அடித்துவிட்டது. அடுத்த மழை நாளுக்கு அந்தக் காணொலியை எடுத்து வைத்திருக்கிறேன்.