ஜூஸ் மாதிரி இருக்கும்... ஆனா ஜூஸ் இல்லை! 'சிங்கப்பூர் ஸ்லிங்' நிறத்துக்குப் பின்னால் என்ன இருக்கு?

உயரமான கிளாஸ், ரோஸ் நிறம், மேலே வெள்ளை நுரை, ஓரத்தில் அன்னாசித் துண்டும் ஒரு செர்ரியும். பார்த்தால் ஜூஸ் கடை ஐட்டம் மாதிரிதான் இருக்கும். அப்படித் தெரியணும் என்றுதான் சிங்கப்பூர் ஸ்லிங் உருவாக்கப்பட்டது என்கிறது, அதற்குச் சொந்தம் கொண்டாடும் ராஃபிள்ஸ் ஹோட்டல்.

ஹோட்டல் சொல்லும் கதை இது: ஆண்டு 1915. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த சிங்கப்பூரில் ஆண்கள் ஜின், விஸ்கி என்று தாராளமாகக் குடிப்பார்கள். பெண்கள் பொது இடத்தில் மதுவைத் தொட்டால் பேச்சு வரும். லாங் பாரில் வேலை பார்த்த ஹைனானீஸ் பார்டெண்டர் ஞியாம் டோங் பூன், ஜின்னைப் பழரச நிறத்துக்குள் ஒளித்து அவர்களுக்குக் கொடுத்தாராம்.

கதை சூப்பர். ஆனால் ரெசிபியில்தான் சிக்கல். 1922-ல் லண்டனில் வெளியான ராபர்ட் வெர்மியரின் காக்டெய்ல் புத்தகத்தில் 'ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்லிங்' என்றொரு சிங்கப்பூர் பானம் வருகிறது. அதில் ஜின், செர்ரி பிராந்தி, பெனடிக்டைன், எலுமிச்சைச் சாறு, பிட்டர்ஸ், சோடா எல்லாம் உண்டு. அன்னாசி மட்டும் இல்லை! இன்றைய ஜூஸ் வெர்ஷன் பின்னால் வந்திருக்கலாம் என்று பலர் சந்தேகிப்பது இதனால்தான்.

சரி, எப்படிக் கலக்கிறார்கள்?

சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் கணக்கு: ஜின் 30 மி.லி., செர்ரி லிக்கர் 15, ஆரஞ்சு மணக்கும் குவான்ட்ரோ 7.5, மூலிகை லிக்கரான பெனடிக்டைன் 7.5, அன்னாசி ஜூஸ் 120, லைம் ஜூஸ் 15, மாதுளை சிரப்பான கிரெனடின் 10, ஒரு சொட்டு அங்கோஸ்டுரா பிட்டர்ஸ். ஐஸ் போட்டு நன்றாகக் குலுக்கினால் அன்னாசி ஜூஸ்தான் அந்த நுரையைக் கொடுக்கும்.

நிறம் வருவது செர்ரி லிக்கரிலும் கிரெனடினிலும் இருந்து. கலர் பத்தலையே என்று கிரெனடினை ஊற்றினால் பானகம் மாதிரி திகட்டிவிடும். இன்னொரு குழப்பம் பாட்டிலில். 'செர்ரி பிராந்தி' என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் செர்ரி ஊறிய சிவப்பு, இனிப்பு லிக்கர்தான். டென்மார்க்கில் 1818-ல் தொடங்கிய ஹீரிங் இதில் பிரபலம். 'கிர்ஷ்' வேறு ரகம். செர்ரியைக் காய்ச்சி வடித்தது, தண்ணீர் மாதிரி இருக்கும். அதை ஊற்றினால் நிறமும் வராது, இனிப்பும் வராது.

ஒளித்து வைத்த விஷயத்துக்கு வருவோம். ஜின்னிலும் அந்த இரண்டு லிக்கரிலும் 40%, செர்ரி லிக்கரில் 24% ஆல்கஹால் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிளாஸில் இருப்பது சுமார் 21.6 மி.லி. சுத்த ஆல்கஹால். அதாவது 54 மி.லி. ஜின்னுக்குச் சமம், ஒரு லார்ஜுக்குக் கொஞ்சம்தான் கம்மி. லிஸ்ட்டில் ஜின் என்று எழுதியிருப்பதோ வெறும் 30 மி.லி. மீதி, லிக்கர்கள் வழியாகச் சத்தமில்லாமல் உள்ளே வருவது. அன்னாசியும் சர்க்கரையும் அந்தக் காரத்தை நாக்குக்குக் காட்டாது. அதனால் ஸ்ட்ரா போட்டு வேகமாக உறிஞ்சுகிறவர்கள்தான் அதிகம்.