எபிசோடு 31: 600 கிலோ காருக்கு எந்த இன்ஜின்?

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "சேஸிஸ் வெல்டிங் எல்லாம் சரி, இன்ஜின் என்ன போடப்போறீங்க?" அன்னைக்கு நான் வேணும்னே அதைத் தொடாம நழுவிட்டேன். ஏன்னா அப்போ என் கராஜ் மூலையில, 900 பவுண்டு கொடுத்து வாங்கின ஒரு இன்ஜின் செத்துக் கிடந்தது. இன்னைக்கு அந்தக் கதையையும் சேர்த்தே சொல்லிடறேன்.

புதுசா கேக்கிறவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நான் இருக்கிறது இங்கிலாந்துல, லெஸ்டர்ல. வாடகை கராஜ்ல லோட்டஸ் செவன் மாதிரி ஒரு ரெண்டு சீட் கார் கட்டிட்டு இருக்கேன். ஒரிஜினல் செவனை காலின் சாப்மன் 1957ல கொண்டு வந்தார். ஆரம்ப கார்கள்ல இருந்தது ஃபோர்டோட 1172 சிசி இன்ஜின், சுமார் 40 குதிரைத்திறன்தான். ஆனா கார் 500 கிலோவுக்கும் கீழ. 1973ல கேட்டர்ஹாம் அந்த டிசைனை வாங்கி இன்னைக்கு வரைக்கும் செய்யுது. 1996ல ரான் சாம்பியன்னு ஒருத்தர், 250 பவுண்டுல இந்த மாதிரி காரை வீட்டுலயே கட்டலாம்னு புத்தகம் போட்டார். அதுலேர்ந்து இந்த வகைக்கு 'லோகாஸ்ட்'னே பேர். நம்புங்க, 250 பவுண்டுல டயர்கூட முடியாது.

சரி, இன்ஜின்.

முதல்ல எனக்கும் எல்லாருக்கும் வர்ற ஆசைதான் வந்தது: பைக் இன்ஜின். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 1999ல வந்த சுசூகி ஹயாபூசா, 1299 சிசி, 170 குதிரைத்திறனுக்கு மேல. பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5ல இருக்கிற 1.6 லிட்டர் கார் இன்ஜின், 115 குதிரைத்திறன். பைக் இன்ஜின்ல கியர்பாக்ஸ் உள்ளயே இருக்கு. மொத்தமாவே கார் இன்ஜின், கியர்பாக்ஸ் ரெண்டும் சேர்ந்த எடையில பாதிதான் வரும். கை தன்னால அந்தப் பக்கம் போகுமா இல்லையா?

இதுல நான் கவனிக்காத ஒண்ணு இருந்தது. டார்க்னு பார்த்தா அந்த ரெண்டு இன்ஜினும் 135 நியூட்டன் மீட்டர் பக்கம்தான். அதாவது முறுக்குற பலம் ஒண்ணுதான். பைக் இன்ஜின் அதே முறுக்கை ரொம்ப அதிக வேகத்துல சுத்திக் கொடுக்குது, அதனால குதிரைத்திறன் கூடுது. மாஸ்டா 6500 ஆர்பிஎம்ல உச்சத்துக்கு வரும். ஹயாபூசாவுக்கு 10,000 பக்கம் போகணும். டிராக்ல அது சொர்க்கம். சனிக்கிழமை சாயங்காலம் சிக்னல் சிக்னலா நின்னு போகும்போது, 200 கிலோ பைக்கை இழுக்கறதுக்குன்னு செஞ்ச கிளட்ச், 500 கிலோவுக்கு மேல இருக்கிற காரை இழுக்கும். ரிவர்ஸ் கியரும் கிடையாது, அதைத் தனியா வாங்கி மாட்டணும். என் மனைவிகிட்ட இதெல்லாம் ஆர்வமா விளக்கினப்போ அவ கேட்டது ஒண்ணுதான்: "இதுல நானும் உக்காரணுமா?"

அந்தக் கேள்வியை அப்பவே சீரியஸா எடுத்திருக்கணும். எடுக்கல. ஒரு டிராக் கார்லேர்ந்து கழட்டின 1000 சிசி பைக் இன்ஜின் விலைக்கு வந்தது. "கழட்டும்போது நல்லா ஓடிட்டுதான் இருந்துச்சு"ன்னு வித்தவர் சொன்னார். வீட்டுக்குக் கொண்டு வந்து ஆயில் வடிச்சேன். ஆயில்ல வெயில் பட்டா மினுமினுன்னு தெரியற மாதிரி உலோகத் துகள். சம்பைக் கழட்டிப் பார்த்தா பேரிங் தேய்ஞ்சு போயிருந்தது. கிராங்க்ஷாஃப்ட்ல நகம் மாட்டற அளவு கீறல். 900 பவுண்டு போச்சு.

ஏன் இப்படி ஆகுதுங்கறதைப் புரிஞ்சுக்கறது முக்கியம். பைக் வளைவுல சாயும். அது சாயறதாலயே, மேல வேலை செய்யற விசையெல்லாம் சேர்ந்து பைக்கோட அடிப்பக்கம் நேராத்தான் இறங்கும். ஆயில் சம்ப்ல அப்படியே நிக்கும். கார் சாயாது. கார் வளைவுல 1 ஜி அளவுக்குப் பக்கவாட்டு விசை வந்தா, சம்ப்ல இருக்கிற ஆயிலோட மட்டம் 45 டிகிரி சரிஞ்சிடும். ஒரு டம்ளர் தண்ணியைச் சாய்ச்சுப் பிடிச்ச மாதிரி. ஆயில் உறிஞ்சற குழாயோட வாய் ஒரு பக்கம், ஆயில் இன்னொரு பக்கம். பம்ப் காத்தை உறிஞ்சும். பேரிங்கும் கிராங்க்கும் ஒண்ணை ஒண்ணு தொடாம வெச்சிருக்கிறது அந்த ஆயில் படலம் ஒண்ணுதான். அது போச்சுன்னா சில நொடிதான் கணக்கு. தடுப்புத் தகடு வெச்ச சம்ப், இல்லன்னா டிரை சம்ப் போட்டா சமாளிக்கலாம். எனக்கு வித்த இன்ஜின்ல ரெண்டுமே இல்ல. நான் கேக்கவும் இல்ல. கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேல ஃபார்முலா பாரத் போட்டிக்கு வர்ற காலேஜ் பசங்களுக்கு இது நல்லாத் தெரியும். அவங்கள்ல நிறைய டீம் பைக் இன்ஜின்தான் போடறாங்க.

அடுத்து ஃபோர்டு. பழைய ஆளுங்களைக் கேட்டா கண்ணை மூடிட்டு 'கிராஸ்ஃப்ளோ'ன்னுதான் சொல்வாங்க. 1967ல வந்த இன்ஜின். சின்னது, குட்டையானது, பானெட்டுக்குள்ள அழகா உக்காரும். கார்புரேட்டர்ங்கறதால வயரிங் தலைவலி கிடையாது. எனக்கும் அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும். ஆனா இன்னைக்கு நல்ல நிலைமையில கிடைக்கிறது குறைவு, கிடைச்சா விலை அதிகம். அம்பது வருஷப் பழசை முழுசா பிரிச்சுக் கட்டற செலவும் சேரும். ஃபோர்டு ஸீடெக் நவீனமானது, நல்ல சாய்ஸ்தான். ஆனா அது பெரும்பாலும் முன்சக்கர டிரைவ் கார்ல குறுக்கா இருந்த இன்ஜின். நீளவாக்குல திருப்பிப் போட்டா தண்ணி வெளிய வர்ற வாய் பின்னாடி பல்க்ஹெட்ல முட்டும், சம்ப் மாத்தணும், கியர்பாக்ஸ் தனியாத் தேடணும். ஒவ்வொண்ணும் சின்னச் செலவு. கூட்டினா சின்னதா இருக்காது.

கடைசியில நான் போனது எம்எக்ஸ்-5 பக்கம். இன்ஜினா வாங்கல, முழு காரா வாங்கினேன். 700 பவுண்டு. சில் எல்லாம் துருப்பிடிச்சு எம்ஓடி டெஸ்ட்ல ஃபெயில் ஆன கார், ஆனா ஓடற கார். இதுதான் வித்தியாசம். குளிர்ந்த இன்ஜினை நானே ஸ்டார்ட் பண்ணேன், சூடாகற வரைக்கும் நின்னு கேட்டேன், புகையைப் பார்த்தேன், கியர் எல்லாம் போட்டுப் பார்த்தேன். யார் வார்த்தையையும் நம்பத் தேவையில்ல. கூடவே கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டிரைவ்ஷாஃப்ட், வயரிங், இசியு எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருந்தினதா வந்துடுச்சு. சீட்டும் கதவும் வித்ததுல 260 பவுண்டு திரும்பக் கிடைச்சது. என் கார் 600 கிலோ வந்தாலும், 115 குதிரைத்திறன்னா டன்னுக்கு 190 பக்கம். அதுவே எம்எக்ஸ்-5ல இருந்தப்போ டன்னுக்கு 120தான் இருந்தது. இன்ஜின்ல ஒரு போல்ட்கூட மாத்தாம வந்த வித்தியாசம் இது.

இதுலயும் கோளாறு இருக்கு, மறைக்க மாட்டேன். ஆரம்ப வருஷத்து 1.6 இன்ஜின்கள்ல கிராங்க்ஷாஃப்ட்டோட முன் மூக்கு குட்டை; புல்லி மாட்டற இடத்துல சாவிக்காடி தேய்ஞ்சு ஆட ஆரம்பிக்கும். புல்லியில நாலு காடி தெரிஞ்சா அந்தப் பழைய மாடல், எட்டு இருந்தா பின்னாடி வந்த நல்ல மாடல். டார்ச் அடிச்சு எண்ணிப் பார்த்துட்டுத்தான் பணத்தை எடுத்தேன். அப்புறம், எம்எக்ஸ்-5ல கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீளமான அலுமினியச் சட்டம் இணைச்சுப் பிடிக்குது. செவன் சேஸிஸ்ல அதுக்கு இடம் பத்தாது, கியர்பாக்ஸுக்குத் தனி மவுண்ட் செய்யணும். இன்ஜினும் உயரம். பானெட்டைத் தூக்கினா அசிங்கமா இருக்கும், இன்ஜினை இறக்கினா சம்ப் ஸ்பீடு பிரேக்கர்ல தட்டும். அதனால சம்பை வெட்டி ஆழம் குறைக்கணும், உள்ள தடுப்புத் தகடு வெச்சு வெல்ட் பண்ணணும். பழைய பேரிங்கை ஒரு கவர்ல போட்டு சுவத்துல மாட்டியிருக்கேன், அந்த வெல்டிங்கை அவசரப்பட்டுச் செய்யாம இருக்கறதுக்கு.

ரோட்டுக்கு வரணும்னா இங்க ஐவிஏன்னு ஒரு பரிசோதனை பாஸ் பண்ணணும். புகை அளவுக்கு எந்த வரம்புன்னு முடிவு பண்றதுல இன்ஜினோட வயசும் ஒரு விஷயம். முழு காரா வாங்கினதுல அதோட பேப்பரும் கையில இருக்கு. மூலையில கிடந்த பைக் இன்ஜினுக்கு என்கிட்ட ஒரு ரசீதுகூட இல்ல.

இப்போ இன்ஜின் ஸ்டாண்ட்ல நிக்குது. மனைவி வந்து பார்த்துட்டு, "ரிவர்ஸ் இருக்கா?"ன்னு கேட்டா. இருக்கு. அடுத்த எபிசோட்ல சம்பை வெட்டறோம்.