முதல் மூன்று வயது எங்கே போகிறது?

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குக் கிளம்பும் அம்மா பையைக் கையில் எடுத்தாலே, ஆயா இடுப்பில் இருக்கும் பத்து மாதக் குழந்தை அழத் தொடங்கிவிடும். பை என்றால் பிரிவு என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் வளர்ந்த பின் அந்தக் காலைகளில் ஒன்றைக்கூட அதனால் சொல்ல முடியாது.

பழக்கத்தால் அறிவது ஒன்று. ‘அன்று, அங்கே, எனக்கு இது நடந்தது’ என்று நினைவுகூர்வது வேறு. இரண்டாவதற்கு 1972இல் எண்டல் டல்விங் என்ற உளவியலாளர் நிகழ்வு நினைவு என்று பெயரிட்டார். பெரும்பாலோருக்கு முதல் நினைவு மூன்று, மூன்றரை வயதைச் சேர்ந்தது.

அதற்கு முன் மூளை வெற்றுப் பலகையா? இல்லை. அமெரிக்க உளவியலாளர் கரோலின் ரோவி-கோலியர், தொட்டிலுக்கு மேலே தொங்கிய பொம்மைகளைக் குழந்தையின் காலோடு ரிப்பனால் இணைத்தார். உதைத்தால் பொம்மை ஆடும். ஆறு மாதக் குழந்தைகள் இதை இரண்டு வாரம்வரை நினைவில் வைத்திருந்தன. மூளையில் நிகழ்வுகளைப் பதியும் ஹிப்போகாம்பஸ், ஒரு வயது வாக்கிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடுகிறது என்று 2025இல் வெளியான ஸ்கேன் ஆய்வும் காட்டியது.

பதிந்தது ஏன் நிற்பதில்லை? ஒரு விடை எலிகளிடம் கிடைத்தது. குட்டி எலிகளும் கற்றதைச் சீக்கிரம் மறக்கின்றன. பிறந்த புதிதில் ஹிப்போகாம்பஸில் புது நரம்பணுக்கள் ஏராளமாக முளைக்கின்றன. அவை பழைய இணைப்புகளைக் குலைக்கின்றன. 2014இல் டொராண்டோ ஆய்வாளர்கள் அந்த முளைப்பைக் குறைத்ததும் குட்டிகளின் மறதி குறைந்தது. முதிர்ந்த மூளையோடு பிறக்கும் கினிப் பன்றிக் குட்டிகளிடம் இந்த மறதி தெரியவில்லை. ஆகவே சிசுவின் மறதி, வளரும் மூளை கொடுக்கும் விலையாக இருக்கலாம்.

அந்த வளர்ச்சிக்குத் தீனி வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி, எட்டு நாடுகளில் நடந்த மால்-எட் ஆய்வின் பகுதியாக, 2010 முதல் நகரின் குடிசைப் பகுதிகளில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. நினைவை மட்டும் அளந்த ஆய்வு அல்ல அது. ஊட்டச்சத்து, வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்து, வீட்டுச் சூழல் ஆகியவற்றோடு அறிவு வளர்ச்சியைச் சேர்த்துப் பார்த்தது.

நினைவு நிலைக்க உணவோடு பேச்சும் வேண்டும். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் நடந்ததைக் குழந்தைகளோடு விரிவாகப் பேசுபவர்கள். அவர்களின் முதல் நினைவு சராசரியாக மூன்று வயதுக்கு முன்பே தொடங்குகிறது.

வேலை முடிந்து வீடு திரும்பும் தாய்மார்களே, தகப்பன்மார்களே, பேசத் தொடங்கிய பிள்ளையிடம் கேளுங்கள்: “இன்னிக்கு ஆயாகூட எங்க போன? அங்க என்ன பாத்த?” அது திக்கித் திக்கிச் சொல்லட்டும். பொறுமையாகக் கேளுங்கள்.