அடுக்களையில் ஒரு நேர்கோடு



எங்கள் திருவள்ளூர்ப் பகுதியில் முதியோர் வாழும் வீடுகள் சிலவற்றில் இன்றும் ஒரு பித்தளைப் படியையும் ஆழாக்கையும் காணலாம். எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்பது பழைய வாய்பாடு. 1956ஆம் ஆண்டில் எடை, அளவைத் தரச் சட்டம் நிறைவேறியது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கடைகளில் படி மறைந்து கிலோகிராம் வந்தது. ஆனால் பாட்டிமார் சொல்லிக் கொடுத்த சமையற் பக்குவமோ ஆழாக்குக் கணக்கிலேயே நின்றுவிட்டது. இவ்விரண்டையும் இணைப்பதற்கு நீங்கள் வகுப்பில் பயிலும் நேரியல் சார்பு எவ்வாறு உதவுகிறது என்பதையே இன்று சொல்ல விழைகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஐம்பது பேருக்குச் சோறு சமைத்துக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றார். இரண்டு ஆழாக்கு அரிசிக்கு ஐந்து ஆழாக்கு நீர் வைத்து, வடிக்காமல் சமைப்பது அவர் வீட்டு வழக்கம். ஐம்பது பேருக்கு நாற்பது ஆழாக்கு அரிசி வேண்டும். அரிசி இருபது மடங்கு என்றால் நீரும் இருபது மடங்குதானே என்று எண்ணி, நூறு ஆழாக்கு நீர் ஊற்றினார். சோறு குழைந்து கூழாயிற்று. அன்று ஐம்பது பேரும் அரைவயிற்றோடு வேலைக்குச் சென்றனர். மாலையில் அவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து, "ஐயா, நீங்கள் கற்பித்த விகிதக் கணக்கைத்தான் போட்டேன், எங்கே தவறினேன்?" என்று கேட்டார்.

"தம்பி, கணக்கில் பிழையில்லை, விகிதம் செல்லாத இடத்தில் விகிதத்தை வைத்ததுதான் பிழை" என்றேன். அதன் பொருளை விளக்குகிறேன்.

முதலில் விகிதம் செல்லும் இடத்தைப் பார்ப்போம். படியின் அளவு ஊருக்கு ஊர் சிறிது வேறுபட்டது. எங்கள் வீட்டு ஆழாக்கில் நீர் நிரப்பி அளந்தேன். 200 மில்லி லிட்டர் கொண்டது. ஆகவே,

மில்லி லிட்டர் = 200 × ஆழாக்கு.

இதனை வரைபடத் தாளில் குறித்தால் ஆதிப்புள்ளி வழியே செல்லும் நேர்கோடு கிடைக்கும். 200 என்பது அக்கோட்டின் சாய்வு. கொள்ளளவை எடையாக மாற்றும்போதும் இத்தகைய கோடே வரும். ஆனால் பண்டத்துக்குப் பண்டம் சாய்வு மாறும். அதே ஆழாக்கில் நீர் 200 கிராம் இருக்கும். அரிசி ஏறத்தாழ 165 கிராம். அமுக்காமல் அளந்த கோதுமை மாவு ஏறத்தாழ 110 கிராம். அரிசிக்குரிய சாய்வை மாவுக்குக் கொள்ளலாகாது. நாற்பது ஆழாக்கு அரிசி 40 × 165, அதாவது 6,600 கிராம். கடையில் ஆறரைக் கிலோவுக்குச் சற்று மேல் வாங்கினால் போதும். இதுவரை நம் நண்பர் தவறவில்லை.

இனி நீருக்கு வருவோம். அடுப்பில் வைத்த நீர் இருவழிகளில் செலவாகிறது. ஒரு பகுதியை அரிசி உறிஞ்சிக் கொள்கிறது. அது அரிசியின் அளவுக்கேற்பக் கூடும். மற்றொரு பகுதி ஆவியாகிப் போகிறது. அது பாத்திரத்தின் வாயையும் தீயையும் நேரத்தையும் பொறுத்தது. அவர் வீட்டிலேயே, அதே பாத்திரத்தில் நான்கு ஆழாக்கு அரிசி வைத்த நாளில் எவ்வளவு நீர் சென்றது என்று கேட்டேன். சற்று எண்ணிப் பார்த்து, "ஒன்பது ஆழாக்கு, ஐயா" என்றார். அரிசி இரண்டு கூடியபோது நீர் நான்கே கூடியது. ஆகவே சாய்வு 2. மிஞ்சிய 1 ஆவிக்குரியது.

நீர் = 2 × அரிசி + 1.

இதுவும் நேர்கோடே, ஆனால் ஆதிப்புள்ளி வழியே செல்லாது. இறுதியில் நிற்கும் 1 என்பதை வெட்டுத்துண்டு என்கிறோம். நண்பர் அந்த ஒன்றையும் இருபதால் பெருக்கிவிட்டார். அரிசி உறிஞ்சுவதற்கு 80 ஆழாக்கு போதும். பெரிய அண்டாவில் ஆவி சற்று மிகுதி. அதற்கு மூன்று எனக் கொண்டாலும் 83தான். அவர் ஊற்றியது 100. பதினேழு ஆழாக்கு, அதாவது மூன்று லிட்டருக்கும் மேற்பட்ட நீர், மிகையாயிற்று.

விகிதம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று அறிவது எப்படி? சுழியை இட்டுப் பாருங்கள். ஆழாக்கு சுழியானால் மில்லி லிட்டரும் சுழி; அங்கே பெருக்கலே போதும். அரிசி சுழியானால் நீர்ச்செலவும் சுழியாகுமா? ஆகாது. வெறும் நீரை அடுப்பில் வைத்தாலும் ஆவி போகத்தான் செய்யும். எனவே அங்கே பெருக்கலோடு கூட்டலும் வேண்டும்.

வெப்ப அளவும் இவ்வாறே. ஆங்கிலச் சமையல் நூல்கள் பலவற்றில் கேக் சுடும் வெப்பம் பாரன்ஹீட்டில் இருக்கும். நம் மின்னடுப்பிலோ செல்சியஸ் குறித்திருக்கும். பாரன்ஹீட் = 1.8 × செல்சியஸ் + 32. செல்சியஸ் சுழியாகும்போது பாரன்ஹீட் 32. 90 பாகை செல்சியஸ் 194 பாகை பாரன்ஹீட். 180 பாகை செல்சியஸ் 356 பாகை பாரன்ஹீட். முன்னது இருமடங்கானபோது பின்னது இருமடங்காகவில்லை என்பதைக் காண்க.

நண்பர் மறுநாள் முதலில் பத்து ஆழாக்கும், பின்பு இருபது ஆழாக்கும் தம் அண்டாவிலேயே சமைத்துப் பார்த்து, அந்த அண்டாவுக்குரிய கோட்டைத் தாமே வரைந்து கொண்டார். ஒரு கோட்டுக்கு இரு புள்ளிகள் வேண்டும் என்று வகுப்பில் சொன்னதை அடுப்படியில்தான் உணர்ந்ததாகக் கூறினார். இன்று அவர் சமையற்கட்டுச் சுவரில் ஒரு வரைபடத் தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. புதிதாக வேலைக்கு வருவோர்க்கு அதனைக் காட்டியே நீர் அளக்கக் கற்பிக்கிறார்.

நீங்களும் இந்த வாரம் உங்கள் வீட்டு ஆழாக்கையோ தம்ளரையோ எடுத்து, அன்னையார் துணையோடு இரண்டு அளவுகளைக் குறித்து, உங்கள் வீட்டுக் கோட்டை வரைந்து பாருங்கள். எதையும் பெருக்குவதற்கு முன் சுழியை இட்டுப் பார்க்கும் பழக்கம் ஒன்று வந்துவிட்டால், அது அடுக்களைக்கு அப்பாலும் உங்களுக்குத் துணை நிற்கும்.