விவசாயி யார் எண்டு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கிழமை எபிசோட்டில் பாஸ்வேர்டை மற்றவைக்குக் குடுக்கிறதைப் பற்றிச் சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சம். நெட்ஃபிளிக்ஸ் எண்டால் சிரிக்கலாம். 2020இல் தமிழ்நாட்டில் அப்படிக் கைமாறின பாஸ்வேர்டுகளால் போனது 110 கோடி ரூபா. நேரம் போதாமல் விட்ட அந்தக் கதை இது.

பிஎம்-கிசான் என்பது இந்திய மத்திய அரசு 2019 பெப்ரவரியில் தொடங்கின திட்டம். சொந்தக் காணி உள்ள விவசாயக் குடும்பத்துக்கு வருசம் 6000 ரூபா. 2000 படி மூன்று தவணை, நேரே பாங்க் கணக்குக்குப் போகும். நடுவில் ஆள் இல்லாட்டில் களவும் இருக்காது எண்டதுதான் யோசனை.

ஆனா நடுவில் ஒரு லொகின் இருந்தது. கொரோனா நேரம், இணையத்தில் தாங்களே பதியிற வசதியும் இருந்தது. பதிவை ஏற்றுக்கொள்ள வேளாண் துறை ஆட்களின் பாஸ்வேர்ட் வேணும். அது தரகர்களிட்டையும் கம்ப்யூட்டர் சென்டர்களிட்டையும் போய்ச் சேர்ந்தது. ஓகஸ்ட் மாதம் கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டங்களில் பதிவுகள் திடீரென்று எகிற, விசயம் வெளியில் வந்தது. தகுதியில்லாத 5.5 லட்சம் பேர் பட்டியலில் ஏறியிருக்கினம் எண்டு அப்போதைய வேளாண் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி அறிவித்தார். சிபிசிஐடி விசாரிச்சது, கைதுகளும் நடந்தன.

வகுத்துப் பாருங்கோ. தலைக்கு 2000 ரூபா, ஒரு தவணைக் காசு. எங்கட காசுக்கு நாற்பது டொலர்கூட இல்லை. ஆட்கள் உண்மை, ஆதார் உண்மை, பாங்க் கணக்கும் உண்மை. காணி மட்டும்தான் இல்லை. கம்ப்யூட்டர் சரிபார்த்தது எல்லாம் சரியாத்தான் இருந்தது! பிறகு அந்த ஏழைச் சனத்தின் கணக்கிலிருந்தே காசைத் திருப்பி எடுத்தார்கள்.

எனக்குக் கோபம் வாற இடம் வேறை. குத்தகைக்கு வயல் செய்யிறவர் இந்தப் பட்டியலில் ஒருநாளும் இல்லை. 2019 பெப்ரவரி 1ஆம் திகதிக்குள் காணி உங்கட பேரில் இருக்கவேணும் எண்டது விதி. ஒரு பாஸ்வேர்டும் கசியாமல், எழுதின கோட் எழுதினபடியே ஓடினாலும், விதைச்சு அறுக்கிறவருக்கு ஒரு சதம் வராது. அதை ஒருத்தரும் மோசடி எண்டு சொல்லுறேல்லை.

நான் இருக்கிறது இல்-பிசாரில். மொன்றியல்தான், ஆனாலும் இஞ்சை இன்னும் வயல் இருக்கு (கோல்ஃப் மைதானமும் இருக்கு, அது வேறை கதை). இங்கே கேள்வியே வேறை. கியூபெக்கில் பண்ணையாகப் பதிய வருசம் 5000 டொலர் மொத்த விவசாய வருமானம் காட்டவேணும். அக்ரிஇன்வெஸ்ட் திட்டத்தில் நிகர விற்பனையின் 1 சதவீதம் வரை நீங்கள் போட்டால், அரசாங்கமும் அதே அளவு போடும். அங்கே பட்டா உள்ளவர் விவசாயி. இங்கே விற்றவர் விவசாயி. வாடகைக் காணியில் செய்தாலும் பிரச்சினை இல்லை. ஆனா கூட விற்றவருக்குக் கூடக் காசு. வீட்டுக்குப் பின்னால் கத்தரி போடுற அம்மம்மா கணக்கிலேயே இல்லை.

குத்தகைக்காரரையும் சேர்க்கலாம் எண்டு 2019இல் ஆந்திரா ஒரு சட்டம் போட்டது. சாகுபடி செய்யிறவருக்கு ஒரு உரிமை அட்டை, அதைக் காட்டிச் சலுகைகள் கேட்கலாம். நல்ல டிசைன்தான். ஆனா அட்டை எடுக்கக் காணிச் சொந்தக்காரர் கையெழுத்து வைக்கவேணும். காணி கைவிட்டுப் போயிடுமோ எண்ட பயத்தில் கன சொந்தக்காரர் வைக்கிறேல்லை.